வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிழை

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும், சுகம் விசாரித்து முடித்த கையோடு, ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். இளையவன் படிப்பை முடித்துவிட்டானா? என்னிடம் கணிதம் படித்தவர்கள் கேட்கிறார்கள். என்னோடு படிப்பித்தவர்கள் கேட்கிறார்கள். போன கிழமை, சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர், "சுவிஸைப் பற்றி எழுதும். பனி, மலை, ரயில் எல்லாம் எழுதும். தயாளன் அங்கே எஞ்சினியருக்குப் படிப்பதையும் விரிவாக எழுதும், இங்குள்ள பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்று கேட்டிருக்கிறார்.

பனியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அது பெய்கிறது, நாங்கள் சப்பாத்து நனைந்து வீட்டுக்கு வருகிறோம். தயாளனின் படிப்பைப் பற்றி எழுதலாம். ஆனால் அதை வாசித்து எந்தப் பிள்ளைக்கும் உற்சாகம் வரப்போவதில்லை.

நாங்கள் இருப்பது எம்மன்புரூக்கே. லூட்சேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்சாலைப் பகுதி. படங்களில் நீங்கள் பார்த்த ஏரியும் பாலமும் பஸ் ஏறிப் போனால் வரும். எங்கள் யன்னலைத் திறந்தால் உருக்காலையின் புகைபோக்கிதான். நான், மனைவி, தயாளன், கடைக்குட்டி சுபா ஆகிய நான்கு பேருக்கும் இரண்டு அறைகள். நான் லூட்சேர்னில் ஒரு பெரிய உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் துணி மடிக்கிறாள். அகதி விண்ணப்பம் கொடுத்து மூன்றாவது வருடம் நடக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

மூத்தவன் நேசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் டிப்ளோமாவுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வருடம். அவனை இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் நாங்கள் வெளிக்கிட்டோம். யாராவது கேட்டால், "விசாரணைக்குக் கொண்டுபோயிருக்கினம்" என்று சொல்லிவந்தேன். இந்த நாட்டு அதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னேன். வீட்டிலும் நாங்கள் வேறு சொல் பாவித்ததில்லை.

2

தயாளனுக்கு இங்கு வரும்போது பதினேழு வயது. இவனையாவது அந்த டிப்ளோமாவை முடிக்கச் செய்துவிட வேண்டும் என்பது விமானத்தில் ஏறும்போதே என் மனதில் இருந்தது. அவனிடம் கேட்டேனா என்றால், எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யார் பிள்ளையிடம் கேட்கிறார்கள்? "தம்பி, நீ அண்ணாவைப்போல படிக்கவேணும்" என்றேன். "ஓம் அப்பா" என்றான்.

இங்கே வழி வேறு. தொழில் ஆலோசனை அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார். நான் அவருக்கு நேசனின் பாடத்திட்டத்தையே ஒப்புவித்தேன். பள்ளிக்கூடத்தில் ஜெர்மனைச் சீக்கிரம் பிடித்துக்கொண்ட சுபா மொழிபெயர்த்தாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, டெக்னிகும் என்கிற அந்தக் கல்லூரிக்கு நேரே போக முடியாது, முதலில் ஒரு பட்டறையில் நான்கு வருடம் தொழில் பயில வேண்டும், கிழமையில் ஒரு நாள் தொழிற்பாடசாலை, அது முடிந்த பிறகுதான் கல்லூரி என்றார்.

"பட்டறையோ?" என்றேன். "இவர் வாத்தியாற்றை மகன் எண்டு சொல்லு பிள்ளை."

சுபா சொன்னாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"தன்ரை மகனும் பட்டறையிலதானாம். தன்ரை புருஷன் டொக்டராம்."

நான் பட்டறைகளின் முகவரிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இடம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் அனுமதி சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. பயிற்சியோ நான்கு வருடம். அடுத்த கோடைக்கு இருப்பானா இல்லையா என்று தெரியாத ஒருவனோடு எந்த முதலாளி ஒப்பந்தம் எழுதுவான்? கடைசியில் ஆற்றங்கரையோரம் ஒரு சின்ன இயந்திரப் பட்டறை கிடைத்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிலுநர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் உரிமை பெற்றவருக்கு இங்கே அந்தப் பெயர். அறுபதை நெருங்கிய, கழுத்துக் குறுகிய மனிதர். அவரே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் எங்களுக்காகக் கதைத்தார். "இவன் நான்கு வருடம் இருப்பான் என்று என்ன உத்தரவாதம்?" என்று அங்கே கேட்டார்களாம். "என்னிடம் இருக்கும் சுவிஸ் பையன்கள் நான்கு வருடம் இருப்பார்கள் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா?" என்று இவர் கேட்டாராம். அனுமதி கிடைத்தது. முதல் மூன்று மாதம் பரீட்சார்த்த காலம், அதன்பிறகுதான் நிரந்தர ஒப்பந்தம் என்று முடிவாயிற்று.

அவனை ஒப்படைக்கப் போன அன்று நான் வேட்டி உடுக்கவில்லையே தவிர, மற்றபடி ஏடு தொடக்கப் போகிற மாதிரித்தான் போனேன். பிள்ளையை ஆசிரியரிடம் கையளிக்கும்போது எங்கள் பெற்றோர் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது. என்னிடம் எத்தனையோ தகப்பன்மார் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் சுபாவிடம் சொன்னேன்:

"பிள்ளை, மைஸ்டரிட்டைச் சொல்லு. கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத் தோலை உரிச்சாலும் நான் ஏனெண்டு கேளன் எண்டு."

சுபா என்னைப் பார்த்தாள். "அப்பா, இதைச் சொன்னால் பொலிஸ் வரும்."

"சொல்லெண்டால் சொல்லு."

அவள் சின்னதாக ஏதோ சொன்னாள். மைஸ்டர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்ததும் கேட்டேன், "என்னடி சொன்னனி?"

"அப்பா உங்களுக்கு நன்றி சொல்லுறார் எண்டு."

தயாளன் சிரித்தான். இந்த நாட்டுக்கு வந்தபின் அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

3

அந்த மாதங்கள்தான் நான் இங்கே உயிரோடு இருந்த மாதங்கள் என்று சொல்வேன். பின்னேரங்களில் அவன் தொழிற்பாடசாலைக் கொப்பிகளைச் சமையலறை மேசையில் விரிப்பான். முக்கோண கணிதம், வெட்டும் வேகம், சில்லின் சுற்றுகள். கேள்விகள் ஜெர்மனில் இருக்கும். சுபா அதை எனக்குத் தமிழில் சொல்வாள், நான் தயாளனுக்கு வழி சொல்வேன், அவன் மறுபடி ஜெர்மனில் எழுதுவான். தசமப் புள்ளிக்குப் பதில் இவர்கள் கமா போடுகிறார்கள். முதலில் அதை நான் பிழை என்று வெட்டிவிட்டேன்.

"அப்பா, இஞ்சை இதுதான் சரி" என்றாள் சுபா.

"இஞ்சை சரியெண்டால் உலகத்துக்குச் சரியோ?"

"நாங்கள் இஞ்சைதானே இருக்கிறம்."

மனைவி அடுப்படியில் நின்று, "வாத்தியாருக்கு இப்பத்தான் ஒரு ஆள் வாய்ச்சிருக்கு" என்று சிரிப்பாள்.

நேசன் அந்த மேசையில் இல்லாத நாளே கிடையாது. "நேசனுக்கு இது ரண்டாம் வருசம் வந்தது." "நேசன் இந்தச் சமன்பாட்டை வேறை மாதிரிச் செய்வான்." "நேசன் வந்தால் உனக்கு வரைபடம் சொல்லித் தருவான்." நான் இப்படியே சொல்லிக்கொண்டிருப்பேன். "ஓம் அப்பா" என்பான் தயாளன். மனைவியும் சுபாவும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சில நாட்களில் வாய் தவறி அவனையே நேசன் என்று கூப்பிட்டுவிடுவேன். அதற்கும் "ஓம் அப்பா" என்பான்.

4

மூன்றாம் மாதம் முடியப்போகிற நேரம் அது நடந்தது.

இவனுக்குக் கைவேலை நன்றாக வருகிறது என்று மைஸ்டர், பழைய பயிலுநர்களுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றை இவனிடம் கொடுத்தார். ஏதோ ஒரு இயந்திரத்துக்கான வார்ப்பிரும்புக் கூடு. இரண்டு தொழிலாளர் பல நாட்கள் கடைந்து முடித்திருந்தார்கள். கடைசியாக அதில் ஒரு துளை போட வேண்டும். வரைபடம் மைஸ்டர் தன் கையால் வரைந்தது. தயாளன் அதன்படி துளைத்தான். துளை உள்ளே ஓடுகிற எண்ணெய் வழியைக் குத்திக்கொண்டு போய்விட்டது. கூடு பழுது.

மைஸ்டர் வந்து பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். ஆழத்தைத் தான்தான் பிழையாகப் போட்டிருப்பதைக் கண்டார். எல்லோர் முன்னாலும், "பிழை என்னுடையது" என்றாராம். பிறகு தயாளனிடம், "இது எண்ணெய் வழியில் முட்டும் என்று உனக்கு முன்னரே தெரிந்ததா?" என்று கேட்டிருக்கிறார்.

இவன் பொய் சொல்லத் தெரியாதவன். "ஓம். துளைக்கத் தொடங்கமுதலே கண்டேன்" என்றிருக்கிறான்.

"ஏன் சொல்லவில்லை?"

இவன் பழுதான கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

மைஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். நானும் சுபாவும் போனோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரியாமல் செய்திருந்தால் சொல்லிக் கொடுப்பேன். தெரிந்தும் சொல்லாதவனை வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒருவனுடைய கை இயந்திரத்துக்குள் போகும், இவன் பார்த்துக்கொண்டு நிற்பான்" என்றார்.

நான் விளக்கினேன். இதற்கென்று வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிழை சொல்லமாட்டார்கள். நான் கரும்பலகையில் கணக்கைப் பிழையாக எழுதினால், கெட்டிக்காரப் பிள்ளை அதைத் தன் கொப்பியில் சரியாக எழுதிக்கொண்டு பேசாமல் இருக்கும். அது பயிற்சிக் குறைவு அல்ல, மரியாதை. சுபா இதை முழுதாகச் சொன்னாள் என்றே நினைக்கிறேன். நெடுநேரம் சொன்னாள்.

மைஸ்டர் யோசித்தார். "அப்படியானால், உங்கள் பாடசாலையில் யார் உங்களைத் திருத்துவார்கள்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருடம் படிப்பித்தவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். பரீட்சார்த்த காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டுவதற்கு அனுமதி எடுப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடியும்போது, தயாளன் அந்தக் கிழமை மைஸ்டர் விட்ட பிழை ஒன்றை, எல்லோருக்கும் கேட்கும்படி அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லப் பழகினால் ஒப்பந்தம். இல்லாவிட்டால் வேறு இடம். வேறு இடம் எங்களுக்குக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது நான் அவனுக்குப் புத்தி சொன்னேன். "மரியாதையும் வேணும், அதுக்காக இப்பிடி வாய்மூடி இருக்கிறதே?"

அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மரியாதை இல்லை அப்பா. பயம். அண்ணா சொன்னவர்தானே."

நான் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். நான், நேசன், தயாளன் மூவரும் வரிசையில் நின்றோம். நேசனின் கையில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருந்தது, நீர்ப்பம்பி ஒன்றின் வெட்டுமுகம், கல்லூரிக்குக் கொடுக்க வேண்டியது. அதிகாரி அதை விரித்துப் பார்த்து, எந்த முகாமின் வரைபடம் என்று கேட்டான். நேசன் பணிவாகத்தான் சொன்னான், ஆங்கிலத்தில்: "சேர், அது ஒரு பம்பி. நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்." பக்கத்தில் நின்ற ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதிகாரி வரைபடத்தை நேராகத் திருப்பினான், பார்த்தான், சுருட்டினான். நேசனை ஜீப்பில் ஏற்றினார்கள். அதன்பின் எந்த முகாமில் கேட்டாலும், "இங்கே இல்லை" என்றார்கள்.

தயாளன் எனக்கும் நேசனுக்கும் நடுவில் நின்றவன். அவனுக்கு அப்போது பதினாறு வயது.

5

இனி எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

முதல் வெள்ளிக்கு முதல்நாள் பின்னேரம் சுபா என்னுடைய குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கதிரையில் ஏறி நின்றாள். "நான்தான் மைஸ்டர். சொல்லும், என்ன பிழை விட்டனான்?"

தயாளன் சுவரோடு ஒட்டி நின்றான். "எனக்கு ஏலாது."

"சொல்லடா. 'மைஸ்டர், நீங்கள் விட்டது பிழை.' நாலே சொல்லு."

"நாக்கு வருகுதில்லை."

"அப்ப எனக்குச் சொல்லிப் பழகு. எனக்கெண்டால் நல்லாச் சொல்லுவாய்தானே? என்ரை மூக்கு, என்ரை பல்லு, என்ரை பாட்டு, எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறனி."

"நீ மைஸ்டரே? நீ குரங்கு."

"பாத்தியளே அம்மா, மைஸ்டரைக் குரங்கு எண்டுறான். இவனுக்கு ஒப்பந்தம் இல்லை!"

மனைவி தலையில் கைவைத்தாள். "வாத்தியாருக்குப் பிழை சொல்லிப் பாஸ் பண்ணுற படிப்பு இந்த நாட்டிலதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை வந்தது. நான் வேலை முடிந்து ஓடிவந்தேன். "சொன்னியோ தம்பி?"

"சொன்னனான்."

"என்ன சொன்னனி?"

"மைஸ்டர், உங்கடை சப்பாத்து நூல் அவிண்டு கிடக்கு எண்டு."

பட்டறையே சிரித்ததாம். மைஸ்டர் மட்டும் சிரிக்கவில்லையாம். குனிந்து நூலைக் கட்டிவிட்டு, "சரியாகச் சொன்னாய். கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தடக்கி விழுந்திருப்பேன்" என்றாராம்.

அடுத்த கிழமை, மைஸ்டர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சாணை பிடித்ததைச் சொன்னான். அதற்கடுத்த கிழமை, ஒரு அளவைத் தாளில் எழுதாமல் வாயால் சொன்னதைச் சொன்னான். போகப்போக அவனுடைய முதுகு நிமிர்ந்தது. வரைபடங்களில் உண்மையான பிழைகளைப் பிடித்தான். ஒருமுறை ஒரு சில்லின் பற்களின் கணக்கையே திருத்தினான். அன்று மைஸ்டர் எல்லோருக்கும் பியர் வாங்கிக்கொடுத்து, இவனுக்கு ஆப்பிள் சாறு வாங்கிக்கொடுத்தாராம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மேசையில் நான் போட்ட கணக்கைப் பார்த்து, "அப்பா, இந்த வரியில குறி மாறிப்போச்சு" என்றான் ஒருநாள். எனக்குச் சுரீர் என்றது. பார்த்தேன். மாறித்தான் இருந்தது. திருத்தினேன். படுக்கப் போகும்வரை அவனோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. இன்னொரு நாள், நான் நேசன் என்று கூப்பிட்டபோது, "தயாளன் அப்பா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு இதெல்லாம் நல்ல சகுனமாகப் பட்டது. ஒப்பந்தம் நிச்சயம். நான்கு வருடம், பிறகு டெக்னிகும். பக்கத்து நகரமான சூக்கில் உணவகம் ஒன்றில் வேலைசெய்யும் என் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஊருக்கும் எழுதினேன். இன்றைக்கு நீங்கள் எல்லோரும் கேட்பது அந்தக் கடிதத்தின் பலன்தான்.

6

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வரச்சொன்ன நாளும் வெள்ளிக்கிழமை. உணவகத்தில் அரைநாள் லீவு கேட்டு எடுத்தேன். வெள்ளைச் சேர்ட்டு போட்டேன். சுபாவும் பள்ளி முடிந்து நேரே வந்தாள்.

பட்டறைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. மேசையில் ஒப்பந்தம் இருந்தது. மைஸ்டர் ஏற்கனவே தன் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்திருந்தார். நான் பேனையை எடுத்தேன். தயாளன் நீல வேலையுடுப்போடு கதவடியில் நின்றான். "உள்ளுக்கு வா தம்பி" என்றேன். வரவில்லை.

மைஸ்டர் தாளின்மேல் கையை வைத்தார். பிறகு மெதுவாக, நீளமாகக் கதைத்தார். சுபா மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.

"தயாளனுக்கு நல்ல கையாம். கண்ணும் நல்லதாம். தான் கையெழுத்து வைச்சது உண்மையாத்தானாம். ஆனால் இண்டைக்கு வெள்ளிக்கிழமையாம். தயாளண்ணா இண்டைக்கும் ஒரு பிழை சொன்னவராம். அது மைஸ்டர்ரை பிழை மட்டும் இல்லையாம், உங்கடை பிழையும்தானாம்."

"என்ன பிழை?"

அவள் மைஸ்டரைப் பார்த்தாள். அவர் மறுபடி ஒரு வசனம் சொன்னார். சுபா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. விளங்காத சொல்லும் அல்ல. எனக்கே அதில் பாதி விளங்கியது. ஆனால் விளங்கியதை நான் ஏற்கவில்லை.

"சொல்லு பிள்ளை. மைஸ்டர் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"அப்பா..."

"சொல்லெண்டால் சொல்லு."

அவள் ஒப்பந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்:

"செத்துப்போன நேசண்ணாவைப் படிப்பிக்கிறதுக்காக நீங்கள் ரண்டுபேரும் தன்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறியளாம். தனக்கு இந்தப் படிப்பு வேண்டாமாம். ஒருநாளும் வேணும் எண்டு தான் சொன்னதில்லையாம்."

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். அதைக் கடைக்குட்டியின் வாயால், ஒரு வெளிநாட்டுக்காரனின் அலுவலகத்தில் கேட்டேன். நான் தயாளனைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் தகப்பன் பார்க்கும்போது தலையைக் குனிவார்கள். அவன் குனியவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிய, என்னை நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். "யா, யா" என்றேன். "டாங்கே" என்றேன். ஆமாம், நன்றி என்கிற அவை இரண்டும்தான் எனக்கு இந்த மொழியில் யோசிக்காமல் வருகிற சொற்கள். பேனையை மூடி மைஸ்டரிடம் கொடுத்தேன். அது அவருடைய பேனை அல்ல, என்னுடையது. அவர் அதை வாங்கி, என்ன செய்வது என்று தெரியாமல், திருப்பி என் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

7

வீட்டுக்கு மூவரும் பஸ்ஸில் வரவில்லை. நடந்தே வந்தோம். ஆற்றைக் கடந்தோம். வீட்டுக்குக் கிட்ட வந்தபோது நான் பிள்ளைகள் இருவரையும் மறித்துச் சொன்னேன்: "அங்கை கதைச்சதை அம்மாவுக்குச் சொல்லப்படாது. அவ தாங்கமாட்டா. கையெழுத்துக்கு இன்னும் நாள் இருக்கெண்டு நான் சொல்லுறன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓம்" என்று யாரும் சொல்லவில்லை.

மனைவி கதவைத் திறந்தாள். பாயாசம் காய்ச்சியிருந்தாள், வாசலிலேயே மணந்தது. "வைச்சாச்சோ?" என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். தயாளனின் முகத்தைக் கூடுதலாகப் பார்த்தாள்.

"சொல்லிப்போட்டியோ?" என்று அவனிடம் கேட்டாள்.

"ஓம் அம்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்களுக்குத் தெரியும். நேசனோடை ஆமி முகாமில இருந்து, பிறகு தப்பி வந்த பெடியன் ஒருவன் எங்களோடை இஞ்சத்தை முதல் அகதி முகாமில நிண்டவன். நாங்கள் இஞ்சை வந்து ரண்டாம் மாதம். அவன் கண்டதை எனக்குச் சொன்னவன். இவையள் ரண்டுபேரும் பக்கத்தில நிண்டவை. உங்களுக்குச் சொல்ல எங்கள் ஒருத்தருக்கும் துணிவில்லை. நீங்கள் 'வந்தால், வந்தால்' எண்டுறியள். நாங்கள் என்னெண்டு சொல்லுறது? அதுதான் நீங்கள் சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டு இருந்திட்டம்."

இரண்டு வருடத்துக்கு மேல். அந்தச் சமையலறை மேசையைச் சுற்றி மூவர். நான் நேசனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, விடை தெரிந்த மூவர், என்னைத் திருத்தாமல்.

"அந்தப் பெடியன் நாளைச் சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"மழைக்காலம் எண்டு மட்டும் சொன்னவன். நாள் அவனுக்குத் தெரியாது."

"அப்ப திதி?"

அவள் தெரியாது என்று தலையாட்டினாள். நான் கணக்கு வாத்தியார். மழைக்காலம் என்பதிலிருந்து ஒரு திதியை எடுக்க எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இங்கே ஒரு ஐயர் இல்லை, பஞ்சாங்கம் இல்லை. நாள் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

நண்பரே, நீர் கேட்ட கட்டுரை இதுதான். தயாளன் இப்போது ஒரு பேக்கரியில் மாப் பிசைகிறான். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். தெரியாது என்றான். அவனிடம் இதுவரை நான் கேட்டவற்றில், உண்மையான பதில் கிடைத்த கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும். மைஸ்டர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, இடம் இன்னும் இருக்கிறது, மனம் மாறினால் வரட்டும் என்று சொல்லிப்போனார். மாறாது. விண்ணப்பத்துக்கு முடிவு இன்னும் வரவில்லை. மறுப்பாக வந்தால் எங்களை எங்கே அனுப்புவார்கள், எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டி நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

அன்று பாயாசத்தை யாரும் தொடவில்லை. சுபா எழுந்துபோய், சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கடையொன்றில் இனாமாகக் கொடுத்தது, மாடுகளும் மலைகளும் போட்டது. இந்த நாட்டுக் கலண்டர்களிலும் சந்திரனைப் போடுகிறார்கள் என்பதை அன்றுவரை நான் கவனித்ததில்லை. தயாளன் மேசையில் அதை விரித்து, ஒரு சின்னக் கறுப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

"இதுதான் அப்பா" என்றான். "செவ்வாய்க்கிழமை. நீங்கள் லீவு கேக்கவேணும்."

நான் அடுத்த நாள் உணவகத்தில் லீவு கேட்டேன். எதற்கு என்று சமையல்காரன் கேட்டான். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை, மூத்தவனைப் பற்றி, நானும் முதல்முறையாகச் சொன்னேன், அவனுடைய மொழியில்.